கிளினிக் நாளுக்கும் முழுப் பேர் வேண்டும்

பிள்ளைத்தாச்சிக்குக் கால் வீங்கினால் "வழமைதானே" என்று லயத்தில் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் அபூர்வமாகச் சிலருக்கு இரத்தம் சிறு சிறு கட்டிகளாக உறைந்து சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்துவிடும். சில நாட்களிலேயே சிறுநீரகம் செயலிழக்கலாம். பிரசவத்துக்குப் பிறகும் இது வரலாம்.

சிறுநீர் குறைதல், கடும் தலைவலி, கண் மங்கல், தோலில் சிவப்புப் புள்ளிகள் கண்டால் தோட்ட டிஸ்பென்சரி மாத்திரையோடு நிற்காதீர்கள். உடனே 1990ஐ அழையுங்கள். இரத்தப் பரிசோதனையும், பிளாஸ்மா மாற்றும் சிகிச்சையும், டயலிசிஸும் பெரிய ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும்.

ஒரு நாள் சம்பளத்துக்குப் பயந்து எங்கள் பெண்கள் கிளினிக்கைத் தள்ளிப்போடுகிறார்கள். எனவே நிர்வாகத்திடம் கேட்கிறோம்: கிளினிக் போகும் நாளுக்கு முழுப் பேர் போடுங்கள், இரவிலும் ஒரு வாகனம் தயாராக இருக்கட்டும்.