அழகான படமா? சரியான படமா?

ஆராய்ச்சி செய்கிறவர்கள் மாதக்கணக்கில் அலைந்து புள்ளி விவரம் சேகரிப்பார்கள். கணக்குப் போடுவார்கள், சரி பார்ப்பார்கள். கடைசியில், "ஒரு படமும் போட்டு விடுவோமே!" என்று தோன்றும். கம்ப்யூட்டரில் பொத்தானைத் தட்டினால் பத்து விதப் படங்கள் வந்து நிற்கின்றன. கண்ணுக்கு அழகானது எதுவோ, அது கட்டுரையில் ஏறிவிடுகிறது.

இது சரியல்ல. சேலைக்குக் கரை பார்ப்பது போலப் படத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. எந்தப் படம் என்பதைக் கண் தீர்மானிக்கக் கூடாது; கேள்விதான் தீர்மானிக்க வேண்டும்.

வழி காட்டியவர்

ஸ்காட்லாந்தில் பிறந்த வில்லியம் பிளேஃபேர் 1786-ம் ஆண்டில் வியாபாரக் கணக்குகளைப் படங்களாக வரைந்து ஒரு நூல் வெளியிட்டார். பல ஆண்டு ஏற்றுமதி, இறக்குமதிகளை ஏறி இறங்கும் கோடுகளாகக் காட்டினார். ஆனால் ஸ்காட்லாந்துக்கு மட்டும் அவரிடம் ஒரே ஓர் ஆண்டின் கணக்குத்தான் இருந்தது. ஓர் ஆண்டை வைத்துக் கோடு இழுக்க முடியுமா? முடியாது. ஆகவே பட்டைகளாக வரைந்தார். கையில் உள்ள விவரத்துக்கு ஏற்ற படம்! இதுதான் முதல் பாடம்.

ஏழு உயிர்கள்

இரண்டாவது பாடம் துயரமானது. 1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் அமெரிக்காவின் 'சாலஞ்சர்' விண்வெளி ஓடம் கிளம்ப வேண்டும். கடுங்குளிர். ராக்கெட்டின் மூட்டுகளில் உள்ள ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்து விடும் என்று பொறியாளர்கள் அஞ்சினார்கள். "கிளம்ப வேண்டாம்" என்றே சொன்னார்கள்.

ஆனால் அவர்கள் அனுப்பிய தாள்களில் பெரும்பாலும் சொற்களும் அட்டவணைகளுமே இருந்தன. 53 டிகிரி பாரன்ஹீட்டிலும் சேதம். 75 டிகிரியிலும் சேதம். அப்படியானால் குளிருக்கும் சேதத்துக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி எழுந்தது. மேலதிகாரிகள் எச்சரிக்கையைத் தள்ளினார்கள். மறுநாள் கிளம்பிய ஓடம் 73 விநாடிகளில் சிதறியது. ஏழு பேர் மாண்டார்கள்.

பின்னர் விசாரணைக் குழு, சேதமே நேராத பயணங்களையும் சேர்த்துப் புள்ளிகளாக வரைந்து பார்த்தது. 66 டிகிரியும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் மூன்றில்தான் சேதம். 63 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்த நான்கு பயணங்களில் நான்கிலுமே சேதம்! சாலஞ்சர் கிளம்பியபோது வெப்பம் 36 டிகிரிதான்.

அந்தப் படம் முதல் நாள் இரவே இருந்திருந்தால் அதிகாரிகள் கேட்டிருப்பார்களா? உறுதியாகச் சொல்ல முடியாது. கேட்க மறுப்பது அவ்வளவு எளிதாக இருந்திராது என்று மட்டும் சொல்லலாம்.

எது எதற்கு?

காலப்போக்கைக் காட்டக் கோடு. ஒன்றோடொன்றை ஒப்பிடப் பட்டை. பட்டை பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் சிறு வித்தியாசம் மலையாகத் தெரியும். இரண்டுக்குள் தொடர்பு உண்டா என்று பார்க்கப் புள்ளிகள். முழுமையில் பங்கு எவ்வளவு என்று காட்ட வட்டம். அதுவும் மூன்று நான்கு பங்குகளுக்குத்தான். பத்துத் துண்டாக நறுக்கிய வட்டத்தில் எது பெரிது என்று யாருக்கும் விளங்காது. இரண்டே எண்கள் இருந்தால் படமே வேண்டாம். ஒரு வாக்கியம் போதும்.

படம் போடும் மாணவர்களும், அவர்களுக்கு மார்க் போடும் பேராசிரியர்களும் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளட்டும்: "இந்தப் படம் எந்தக் கேள்விக்குப் பதில்? இதில் சேர்க்காமல் விட்டது எது?"

பதில் இல்லையென்றால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கிழித்துப் போட வேண்டியதுதான்!