தம்பிக்கு எந்த லென்ஸ்?

சுங்கை சிப்புட் பக்கமிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். பழைய காமிரா ஒன்று கைக்கு வந்திருக்கிறது. கூடவே 18-55 லென்ஸும் உண்டு. பாட்டி இன்னும் தோட்டத்து லயத்தில்தான் இருக்கிறார். லயத்தை உடைக்கப் போகிறார்களாம். அதற்குள் பாட்டியையும் அந்த வீட்டையும் படமெடுத்துவிட வேண்டும். சேர்த்து வைத்த சில நூறு வெள்ளிக்கு 300 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று வாங்கட்டுமா என்கிறார்.

வேண்டாம், தம்பி. அது பறவைக்கும் பந்து விளையாட்டுக்கும் ஆகும். லயத்து வீட்டுக்குள் சுவரில் முதுகு முட்ட நின்றாலும் பாட்டியின் மூக்குத்தியைத்தான் பிடிக்கும்!

உங்களுக்கு வேண்டியது வெளிச்சம். லயத்து வீட்டில் பட்டப்பகலிலும் அரை இருட்டுதானே? 18-55 லென்ஸை 55-க்குத் திருகினால் அதன் கண் எஃப் 5.6 அளவுக்கு மேல் திறக்காது. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸோ ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். எண் சிறுக்கச் சிறுக்கக் கண் பெருக்கும். அதில் 1/15 விநாடி தேவைப்பட்ட படத்தை இதில் 1/125 விநாடியில் எடுத்துவிடலாம். கை நடுங்கினாலும் பாட்டி தலையை ஆட்டினாலும் படம் கலங்காது. பிளாஷ் போடாதீர்கள். முகம் வெளுத்துவிடும், அடுப்புப் புகை படிந்த சுவரின் நிறமும் போய்விடும்.

1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்தாரே பிரெஞ்சுக்காரர் கார்த்தியே பிரெசோன், அவர் வாழ்நாளில் பெரும்பாலும் பயன்படுத்தியது 50 மி.மீ. லென்ஸைத்தான். ஆனால் அவருடையது பிலிம் காமிரா. உங்களுடையதைப் போன்ற காமிராக்களில் படம் விழும் தகடு சிறியது. அதில் 50 போட்டால் 75 அல்லது 80 போட்டதுபோல் தெரியும். அவர் பார்த்த அகலம் வேண்டுமானால் 35 தேவை.

எது வாங்குவது? காசு கொடுக்குமுன் ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள். இருக்கும் லென்ஸை 50-இல் நிறுத்தி, திருகாமல் படமெடுங்கள். அடுத்து 35-இல். ஆறடி தள்ளி நின்றால் 50-இல் பாட்டி இடுப்பு வரை வருவார். குடும்பத்தில் ஐந்து பேரை வரிசையாக நிறுத்தினால் பதினேழு அடி பின்னால் போக வேண்டும். வாசலைத் தாண்டி வடிகாலில் விழுவீர்கள். அந்தக் குடும்பப் படத்துக்கும், லயத்தின் முழு வரிசைக்கும், பத்து காஜா கெல்லி மாளிகைக்கும் கையிலிருக்கும் லென்ஸின் 18 போதும். முகத்துக்காகவே வாங்குவதால் என் ஓட்டு 50-க்கு.

ஈப்போவில் பழைய லென்ஸ் வாங்கப் போனால் டார்ச்லைட் கொண்டு போங்கள். பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலைபோல் தெரிந்தால் அது பூஞ்சை. பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். நம்மூர் ஈரத்தில் அது வளர்ந்து கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். லென்ஸ் உங்கள் காமிராவின் வாயில் பொருந்துகிறதா, தானாகக் குவிகிறதா என்பதையும் கடையிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

வாங்கி வந்ததைத் தோல் பையில் போட்டு அலமாரியில் பூட்ட வேண்டாம். தோல் ஈரத்தை வாங்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். சமைக்கும் சட்டியை மட்டும் எடுக்காதீர்கள்.