கோடிப்பக்கத்துப் பந்தல்



சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் கோழிக்கூட்டுக்கு நிழல் அமைப்பது பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒரு சகோதரி என்னைச் சந்தையில் கண்டு, "கோழிக்கு நிழல் சொல்லித் தந்தியள், எங்களுக்கு எப்ப சொல்லித் தரப்போறியள்?" என்று கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் அவருடைய வீடு எப்படிப்பட்டது என்பது எனக்குத் தெரியும். பகல் பதினொரு மணிக்குப் பிறகு உள்ளேயும் இருக்க முடியாது, வெளியேயும் நிற்க முடியாது. தையல் மெசினைத் தூக்கிக்கொண்டு நிழலுக்குப் பின்னாலேயே திரிகிறார்.

என்னுடைய கதையும் அதேதான். 1990 ஆனியில் வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டபோது எங்கள் வளவில் இரண்டு மாமரமும் ஒரு வேம்பும் கிணற்றடியில் தென்னைகளும் நின்றன. 2015இல் காணி விடப்பட்டு அம்மாவும் நானும் திரும்பி வந்தபோது ஒரு மரமும் இல்லை. பற்றையை டோசர் போட்டு வழித்த பிறகு வளவு விளையாட்டு மைதானம் போலக் கிடந்தது. அதற்குள் வீட்டுத்திட்ட வீடு எழும்பியது. குசினி வாசல் மேற்குப் பார்த்தது. பின்னேரம் மூன்று மணிக்கு வெயில் வாசலால் வந்து அடுப்படியில் நிற்கும். மாங்கன்றுகள் வைத்தோம். ஒரு மாங்கன்று ஆள் இருக்க நிழல் தருவதற்கு எட்டு வருடமாவது வேண்டும். அம்மாவுக்கு அப்போது எழுபத்திரண்டு வயது.

முதலில் நான் கட்டியது நீலத் தறப்பாள். இருந்ததும் அதுதான். அம்மா அதன் கீழே வரவேயில்லை. வெயிலுக்குள் சுவரோடு ஒட்டிக்கொண்டு இருந்து கீரை ஆய்ந்தார். நான் சினந்து பேசிய பிறகுதான் காரணத்தைச் சொன்னார்.

"உதுக்குக் கீழ நான் இருக்க மாட்டன் பிள்ளை. கொப்பரைக் கிடத்தினதும் உப்பிடி ஒண்டுக்குக் கீழதான்."

அப்பா நலன்புரி நிலையத்தில்தான் செத்தவர். அங்கே பந்தல் போட இடமும் இல்லை, காசும் இல்லை. இரண்டு கொட்டிலுக்கு நடுவே ஒரு தறப்பாளை இழுத்துக் கட்டினோம். அன்றைக்கே அந்தத் தறப்பாளை அவிழ்த்தேன்.

அடுத்தது தகரம். பழைய தகரங்களைத் தேடி எடுத்து, வீட்டு வளையோடு சேர்த்து ஒரு பத்தி இறக்கினேன். இது என் பிழை. தகரம் வெயிலைக் குடித்து அந்தச் சூட்டைக் கீழே இருப்பவரின் தலையிலேயே இறக்கும். வைகாசி பிறந்து சோளகம் பெயர்ந்ததும் ஒரு தகரம் எழும்பி அடுத்த வளவில் விழுந்தது. நல்ல காலம், அங்கே பிள்ளைகள் விளையாடவில்லை. வீட்டுக் கூரையோடு எதையும் சேர்த்துக் கட்டாதீர்கள், காற்று அதைப் பிடுங்கினால் கூரை ஓட்டையும் கூட்டிக்கொண்டு போகும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடைந்த அஸ்பெஸ்ரஸ் சீற்றுகள் சும்மா கிடைக்கின்றன என்று எடுத்து அறுத்துப் போடுகிறோம். அதன் தூசு நுரையீரலுக்குக் கூடாது. அதைத் தொடவே வேண்டாம்.

மூன்றாவது தடவைதான் கொடிப் பந்தல். எமக்குப் பந்தல் என்றவுடன் கலியாண வீடும் செத்த வீடும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் வலிகாமத்துச் செம்மண்ணில் முந்திரிகைப் பந்தலைத் தெரியாதவர் யார்? தமிழ்நாட்டில் கம்பம் பள்ளத்தாக்கிலும் இப்படிப் பந்தலில்தான் படரவிடுகிறார்கள். நாங்கள் முந்திரிகை என்பதை அவர்கள் திராட்சை என்கிறார்கள். அங்குள்ள பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இத்தாலி போன்ற நாடுகளில் வீட்டோடு இருக்கும் இத்தகைய பந்தலுக்குப் பேர்கோலா என்று பெயர். குளிர்காலத்தில் இலை கொட்டி வெயிலை உள்ளே விடும். எங்களுக்கும் வேண்டியது இதுதான். கோடையில் மூடவும் மாரியில் திறக்கவும் வேண்டும்.

இலை ஏன் குளிர்மை என்றால், அது வேரால் எடுத்த நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். தகரம் போலக் கொதிக்காது. சூடான காற்றும் இடுக்குகளால் மேலே போய்விடும்.

என்னுடைய பந்தல் பதினைந்து அடி நீளம், பத்தடி அகலம், ஏழடி உயரம். இன்னும் உயர்த்தச் சொன்னார்கள். நான் மறுத்தேன். ஏணி பிடிக்க வீட்டில் ஆள் இல்லை. ஒரு முக்காலியில் ஏறி நின்று நானே வெட்டவும் ஆயவும் வேண்டும். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி மூன்று சீமெந்துத் தூண்கள். வெளிப்பக்கத்தில் மூன்று சீமைக்கிளுவைக் கதியால். தூணுக்கு இரண்டடிக் கிடங்கு வேண்டும். எங்கள் பக்கம் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். ஒரு கிடங்கில் ஒன்றரை அடியிலேயே அலவாங்கு கல்லில் பட்டது. மினக்கெடாமல் கிடங்கைத் தள்ளி வெட்டினேன்.

புதிதாக விடப்பட்ட காணிகளில் இருப்பவர்கள் கிடங்கு வெட்டுமுன் அந்தத் துண்டு கண்ணிவெடி அகற்றிய இடம்தானா என்று கிராம அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மண்ணுக்குள் சந்தேகமான பொருள் எது தெரிந்தாலும் அலவாங்கை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு, வந்த வழியால் திரும்பி வந்து அறிவியுங்கள். மற்ற வேலை பிறகு பார்க்கலாம்.

கதியால் கைமொத்தத்தில், ஒன்பதடி நீளத்தில் இருந்தால் நல்லது. ஐப்பசி மழையோடு நட்டால் பிடித்துவிடும். முதல் வருடம் அதில் பாரம் ஏற்றக்கூடாது, பக்கத்தில் ஒரு முட்டுக் கொடுங்கள். அது தடிக்கத் தடிக்கக் கம்பியை விழுங்கிவிடும். ஆகவே கம்பியை நேரே சுற்றாமல் பழைய சைக்கிள் ரியூபை வெட்டி வைத்துக் கட்டினேன். இலை ஆட்டுக்கும் ஆகும், பசளைக்கும் ஆகும். மேலே ஓரடிக்கு ஒன்றாகக் கம்பியை நெடுக்கும் குறுக்கும் இழுத்தால் போதும். பனை வளை போட ஆசைதான். ஆனால் பனை தறிக்க அனுமதி எடுக்க வேண்டும். யுத்தத்தில் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் போன பனைகள் போதும் என்பது என் எண்ணம்.

இனி வெயிலைப் பார்ப்போம். எங்கள் குடாநாட்டில் உச்சி வெயில் நேரே தலைக்கு மேல் நிற்பது வருடத்தில் இரண்டு தடவை. ஒன்று சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி, மற்றது ஓகஸ்ட் கடைசியில். இந்த நாட்களில் மேல் மூடல்தான் காப்பாற்றும். ஆனால் பின்னேர வெயிலுக்கு மேல் மூடல் எவ்வளவு இருந்தாலும் பிரயோசனம் இல்லை, அது பக்கத்தால் வரும். ஆனி, ஆடியில் சூரியன் மேற்கிலிருந்து வடக்கே சாய்ந்து மறையும். ஆகவே கோடையில் மேற்கிலும் வடமேற்கு மூலையிலும் கிடுகுத் தட்டி வைக்கிறேன். தெற்கை முழுதாகத் திறந்து விடுகிறேன். சோளகம் அதனால் வந்து போகும். மாரியில் அதே தட்டிகளைக் கழற்றி வடக்கிலும் கிழக்கிலும் கட்டுகிறேன். வாடையோடு வரும் சாரல் அதில் நிற்கும். இரண்டு தட்டியும் நான்கு முடிச்சும்தான். மனிதர் செய்வதுபோல் கல்லுச் சுவர் எழுப்பியிருந்தால் ஆறு மாதம் உதவி, ஆறு மாதம் இடைஞ்சலாக இருந்திருக்கும்.

எதைப் படரவிடுவது? முதல் வருடம் புடோல், பீர்க்கு, பாகல். தையில் விதைத்தால் பங்குனி வெயிலுக்குப் பந்தல் மூடிவிடும். கறிக்கும் காய் கிடைக்கும். கூடவே ஒரு மூலையில் கொடித்தோடைக் கன்று ஒன்றை நடுங்கள். அது மெதுவாக ஏறி அடுத்த வருடம் பந்தலைத் தன் பொறுப்பில் எடுக்கும். மூன்று நான்கு வருடத்தில் களைத்துப் போகும், அதற்குமுன் வேறொரு கன்றை நட்டுவிட வேண்டும். வேலியில் முசுட்டை நின்றால் அதையும் ஒரு பக்கம் ஏற்றலாம். முந்திரிகை வேண்டாமா என்று கேட்பீர்கள். இஸ்ரேல் புளூ இனம் எங்கள் மண்ணுக்கு நன்றாக வரும். வெட்டிவிட்டு மூன்றரை மாதமளவில் பழம். ஆனால் மழை ஈரத்தில் பூஞ்சண நோய் விழும், மருந்து அடிக்காமல் தப்பாது. பிள்ளைகள் இருந்து படிக்கும் இடத்துக்கு மேலே மருந்து அடிக்க எனக்கு மனம் வரவில்லை. முந்திரிகையைத் தோட்டத்தில் வையுங்கள்.

ஐப்பசியில் கொடியைப் பாதிக்கு மேல் வெட்டிவிட வேண்டும். நனைந்த கொடி பாரம், காற்றுக்குப் பாய்மரம். 2008 நிஷா புயலின்போது நாங்கள் முகாமில் இருந்தோம், சொல்ல வேண்டியதில்லை. 2020 டிசெம்பரில் புரெவி வருகிறது என்று வானொலி சொன்ன அன்று மிச்சக் கொடியையும் அரிந்து கொட்டினேன். ஒரு பக்கக் கம்பி அறுந்தது, தூண்கள் நின்றன. தையில் திரும்பத் தளிர்த்தது.

சின்னச் சின்ன விடயங்கள் சில. கொடி கூரையைத் தொடவிடாதீர்கள், இடைவெளி இருந்தால் பாம்பு வீட்டுக்குள் இறங்குவது குறையும். கீழே சிரட்டை, பேணிகளில் நீர் தங்கினால் டெங்கு. செயற்கைக் கால் பூட்டியிருப்பவர்கள், சக்கர நாற்காலி பாவிப்பவர்கள் வீட்டில் இருந்தால் நிலத்தை நன்றாக இடித்து இறுக்கிச் சமப்படுத்துங்கள். மாரியில் பாசி பிடித்தால் உடனே சுரண்டுங்கள். தூண்களுக்கிடையே நாற்காலி திரும்பக்கூடிய இடம் விடுங்கள்.

மாங்கன்றுகள் இப்போது மரமாகிவிட்டன. பந்தல் இனித் தேவையில்லை என்று தம்பி சொல்கிறான். அம்மா விடவில்லை. எண்பதைத் தாண்டிய பிறகும் காலைச் சாப்பாடு முடிந்ததும் சாக்குக் கட்டிலை அதற்குக் கீழேதான் போடச் சொல்வார். பிஞ்சுப் புடோலங்காய் வளையாமல் நீள வேண்டும் என்று நுனியில் சின்னக் கல் கட்டுவோமே, அந்த வேலை அவருடையது. கல் பொறுக்குவதும் நூல் கட்டுவதும் கையெட்டும் உயரத்தில்தான்.

ஐப்பசி பிறந்துவிட்டது. வாடை திரும்புமுன் தட்டி மாற்ற வேண்டும். கிழக்குத் தட்டியில் மூன்று கிடுகு உக்கிவிட்டது, நேற்று ஓலை நனையப் போட்டிருக்கிறேன்.