தரம் ஒன்றே போதுமா?

துப்பாக்கித் தொழிலைப் பற்றிக் குருவானவர் எழுதலாமா என்று வாசகர்களுள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். போர்க்கருவிகள் உழுகருவிகளாக மாறும் நாளுக்காக நாள்தோறும் மன்றாடுகிறவர்களே நாம். எனினும், தரமான பொருளைச் செய்த ஒரு சிறு தொழிற்சாலை ஏன் வீழ்ந்தது என்னும் கேள்வி, உழைத்து உண்ணும் ஒவ்வொரு குடும்பத்தையும் தொடும் கேள்வியாகும். ஆதலால் அக்கதையை இம்மாதம் எடுத்துக்கொள்கிறோம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்மித், வெஸ்ஸன் என்னும் இருவர் 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ரிவால்வர் தொழில் உலகப் புகழ் பெற்றது. 1965-இல் அது வேறொரு பெரிய குழுமத்தின் கைக்கு மாறிற்று. அந்த வெஸ்ஸனின் கொள்ளுப்பேரர் டேனியல் வெஸ்ஸன் அங்கே நெடுங்காலம் பணியாற்றியவர். அவர் வெளியேறி, 1968-இல் அதே மாநிலத்தின் மான்சன் என்னும் சிற்றூரில் தம் பெயராலேயே ஒரு நிறுவனத்தை அமைத்தார்.

கார்ல் லூயிஸ் என்னும் வல்லுநர் வகுத்த அமைப்பே அதன் சிறப்பு. பிற ரிவால்வர்களில் குழலை மாற்ற வேண்டுமானால் பட்டறையை நாட வேண்டும். இதிலோ, உடன் தரப்பட்ட சிறு ஸ்பானரைக் கொண்டு வாங்கியவரே சில நிமிடங்களில் குழலைக் கழற்றி, 15 அங்குலம் வரை வேண்டிய நீளத்தில் வேறொன்றைப் பொருத்தலாம். குழல் இரு முனையிலும் இறுக்கப்பட்டு விறைப்பாக நின்றதால் குறியும் தவறாது. ஆட்டுக்கடா வடிவில் வெட்டிய இரும்புத் தகட்டை 200 மீட்டர் தொலைவிலிருந்து சுட்டு வீழ்த்தும் பந்தயக்காரர்கள் இதனை விரும்பி வாங்கினர்.

இத்துணைச் சிறப்பிருந்தும் 1995-இல் அந்நிறுவனம் திவாலாயிற்று. ஏன்?

முதலாவது, சிறப்பே சுமையாயிற்று. நன்கு செய்த ரிவால்வர் ஒரு தலைமுறை கடந்தும் உழைக்கும். குழலை மாற்றினாலே போதும் என்னும்போது இரண்டாவதாக ஒன்றை வாங்குவார் யார்? பந்தயக்காரர் கூட்டமும் சிறிது. அந்த விளையாட்டின் மோகம் தணிந்தபோது விற்பனையும் தளர்ந்தது.

இரண்டாவது, காலம் மாறிற்று. ரிவால்வரில் பெரும்பாலும் ஆறு குண்டுகளே. 1980-களில் ஆஸ்திரியாவிலிருந்து வந்த கிளாக் பிஸ்டலில் 17 குண்டுகள்; அதன் உடற்பகுதி பிளாஸ்டிக்காலானது; செய்வதும் எளிது. அமெரிக்கக் காவல் துறைகள் ஒன்றன்பின் ஒன்றாக ரிவால்வரைக் கைவிட்டன. பெயர் பெற்ற கோல்ட் நிறுவனமே தன் பைத்தான் ரிவால்வரை 2005-இல் நிறுத்தி, 2020-இல்தான் மீண்டும் தொடங்கிற்று. கோல்ட்டுக்கு விற்க வேறு சரக்கு இருந்தது, காத்திருக்க முடிந்தது. ரிவால்வரையே நம்பியிருந்த சிறியவருக்கு அந்த வசதி ஏது?

மூன்றாவது, 1978-இல் நிறுவனர் காலமானார். உரிமை கை மாறிற்று, இயந்திரங்கள் தேய்ந்தன, அவற்றைப் புதுப்பிக்கப் பெருமுதல் தேவைப்பட்டது. 1996-இல் வாங்கியவர் தொழிலை நியூயார்க் மாநிலத்தின் நார்விச்சுக்கு மாற்றி, பிஸ்டல்களும் செய்யலானார். 2005-இல் அது செக் நாட்டு நிறுவனமொன்றின் அமெரிக்கக் கிளையைச் சேர்ந்தது. பெயர் பிழைத்தது, மான்சனில் வேர்விட்ட தொழில் அம்மண்ணில் நிலைக்கவில்லை.

ஓர் ஆயுதம் குறைந்தது என்பதற்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. ஆனால் கடைசல் இயந்திரத்தின் அருகே ஆண்டாண்டாக நின்று, மயிரிழை பிசகாமல் இரும்பை இழைத்த தொழிலாளியை நினைக்கிறோம். அவன் கை தவறு செய்யவில்லை. ஆயினும் தண்டனை அவனுக்கும் கிடைத்தது. 1981-இல் உழைப்பைக் குறித்துச் சுற்றுமடல் எழுதிய பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், முதலுக்கு முன்பாக உழைக்கும் மனிதனை வைத்ததன் பொருள் இங்கே விளங்கும். தொழிலை நடத்துகிறவனின் கவனக்குறைவு அவனோடு முடிவதில்லை. அவனை நம்பியவர்களின் அடுப்பையும் அது அணைத்துவிடுகிறது.

கோபுரம் கட்டப் புகுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடும் மனிதனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நாம் அறிவோம். அடித்தளம் நன்றாயிருந்தும் முடிக்க இயலாதவனையே அங்கே காண்கிறோம். வேலையைச் செம்மையாகச் செய்வது கடமை. அதனோடு, வாங்குகிறவரின் தேவை மாறுகிறதா என்று பார்ப்பதும், தேயும் கருவிக்கு ஆண்டுதோறும் சிறிது ஒதுக்குவதும், நமக்குப் பின் பொறுப்பேற்பவரை நாம் உயிரோடிருக்கும்போதே பழக்குவதும் கடமையே. இவற்றை உலகக் கவலை என்று ஒதுக்கிவிடுதல் விசுவாசமாகாது.

அன்பர்களே, தொழில் நடத்தும் குடும்பத்தார் ஒருநாள் மாலை செபமாலை முடிந்தபின் கணக்கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு பேசுங்கள். அதுவும் இறைவனுக்கு உகந்த செயலே.