சித்தம் தடுமாறினால்

செஞ்சி என்றதும் தேசிங்கு ராஜனை நினையாத தமிழர் இல்லை. 1714-ல் ஆற்காட்டு நவாபின் சேனையை எதிர்த்து மடிந்த அவ்வீரனுடைய கோட்டையைக் காண இன்றும் ஜனங்கள் வந்தவண்ணம் இருக்கிறார்கள். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். சித்திரை வெயிலில் பாறை அடுப்பாய்க் காய்கிறது. மலையிலிருந்து இறங்கும் பெரியவர் ஒருவர் கால் தள்ளாடி, நாக் குழறிச் சம்பந்தமின்றிப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "குடித்திருக்கிறார்" என்பார் ஒருவர். "காற்று கருப்பாக இருக்கும்" என்பார் மற்றொருவர். இத்தகைய தீர்ப்புகளால் வீணாகும் நிமிஷங்கள் ஓர் உயிரையே பலிகொள்ளக்கூடும்.

திடீரென்று சித்தம் தடுமாறுவது உடலுக்குள் நேர்ந்த அபாயத்தின் அறிவிப்பு. சர்க்கரை வியாதிக்கு மருந்துண்டு, ஆகாரமின்றி மலையேறியவருக்கு ரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்கலாம். உடல் அனலாய்க் கொதித்தால் வெப்பத் தாக்குதல். வாய் ஒருபுறம் கோணினால் பக்கவாதம். வயலில் மருந்து தெளித்தவருக்கு வாயில் நுரை தள்ளிக் கண்மணி சுருங்கினால் விஷம் என்று சந்தேகிக்க வேண்டும்.

குடித்தவரே ஆயினும் அலட்சியம் கூடாது. 2023 மே மாதம் இதே விழுப்புரம் ஜில்லாவின் மரக்காணம் பகுதியிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் பலரை மாய்த்தது மெத்தனால் கலந்த சாராயம். அவ்விஷம் முதலில் சாதாரண போதையாகவே தோன்றும். பல மணி நேரம் கழித்தே கண் மங்கும், மூச்சு இரைக்கும், பிரக்ஞை தப்பும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் முதலில் மூச்சையும் நாடியையும் கவனித்து, உடனே ஒரு துளி ரத்தத்தில் சர்க்கரையைச் சோதிக்கிறார்கள். பிறகு கண் திறப்பது, பேசுவது, அங்கங்களை அசைப்பது ஆகிய மூன்றையும் பார்த்து, 3 முதல் 15 வரை மதிப்பெண் இடுகிறார்கள். 1974-ல் கிளாஸ்கோ நகரில் வகுக்கப்பட்ட முறை இது.

நாம் செய்ய வேண்டியது யாது? உடனே 108-ஐ அழைக்க வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர் விழுங்கக் கூடியவரானால் மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுக்கலாம். பிரக்ஞையற்றவர் வாயில் ஒரு சொட்டு நீரும் விடலாகாது. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். உடல் கொதித்தால் நிழலில் கிடத்தி, மேனியெங்கும் நீர் தெளித்து விசிற வேண்டும். கடைசியாகத் தெளிவுடன் இருந்த நேரத்தையும், உண்ணும் மருந்தின் பெயரையும் டாக்டரிடம் சொல்வது அவசியம். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும்.

ராஜகிரி ஏறப் புறப்படும் நேயர்கள் கட்டுச் சோற்றுடன் ஒரு சர்க்கரைப் பொட்டலத்தையும் முடிந்துகொள்வார்களாக!