மலடிப் பட்டம்

கலியாணமாகி இரண்டு வருஷத்தில் ஒரு பெண்ணுக்கு வயிறு திறக்கவில்லையென்றால், நமது சங்கராபுரம் பக்கத்திலே முதலில் கூப்பிடப்படுகிறவன் ஜோசியன். அவன் நாகதோஷம் என்பான். அரசமரம் சுற்றியாகும், மண்சோறு தின்றாகும். கடைசியில் அவளுக்கு மிஞ்சுவது "மலடி" என்ற பட்டமும், வீட்டிற்குள் வரும் இரண்டாந் தாரமுமேயாகும்.

இதற்குச் சாஸ்திர ஆதாரமும் இல்லாமற் போகவில்லை. மனுதர்மம் ஒன்பதாம் அத்தியாயத்தில், பிள்ளை பெறாதவளுக்கு எட்டாம் வருஷத்திலும், பிள்ளை நிலைக்காதவளுக்குப் பத்தாம் வருஷத்திலும், பெண்ணே பெறுகிறவளுக்குப் பதினோராம் வருஷத்திலும், அவளிருக்க வேறொருத்தியைக் கட்டிக்கொள்ளலாமென்று எழுதப்பட்டிருக்கின்றது. காரணம் என்னவென்று அங்கே கேட்பாரில்லை.

விஞ்ஞானம் காரணத்தைக் கேட்டது, கண்டும் பிடித்தது. பெண்ணின் உடலணுவில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் இருக்கவேண்டும். சுமார் 2,500 பெண் குழந்தைகளில் ஒன்றுக்கு அதில் ஒன்று முழுவதுமோ ஒரு பகுதியோ இல்லாமற் போகின்றது. அமெரிக்க டாக்டர் டர்னர் 1938-இல் இந்நிலையை விவரித்தார். காரணம் 1959-இல் தெரிந்தது. இவர்களில் பெரும்பாலோருக்குச் சினைப்பை சரியாக வேலை செய்வதில்லை. பிறக்குமுன்பே நேர்ந்துவிட்ட இதற்கு எந்த நாகம் பொறுப்பாளி?

இன்னொரு காரணம், நோயை எதிர்க்கவேண்டிய சக்தியே சொந்த உடலைத் தாக்குவது. காவற்காரனே வீட்டுக்காரனை அடிப்பது போலாம். அது தைராய்டு சுரப்பியைத் தாக்கினால் மாதவிடாய் தவறிக் கருத்தங்குவது தடைப்படக்கூடும். சினைப்பையைத் தாக்கினால் நாற்பது வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுவிடலாம். சிலருக்கு நஞ்சுக்கொடியில் இரத்தம் உறைந்து, தங்கிய கரு திரும்பத் திரும்பக் கலையும். லண்டன் டாக்டர் ஹியூஸ் 1983-இல் விளக்கிய நோய் இது. டாக்டர் மேற்பார்வையில் ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் பெற்று இவர்களில் பலர் பிள்ளை பெற்றிருக்கின்றார்கள். மனுவின் பத்து வருஷக் கெடு எங்கே, இந்த வைத்தியம் எங்கே?

மேலும், பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் ஆணின் குறையும் சேர்ந்தே இருக்கின்றது. அப்படியிருக்க "மலடன்" என்று எந்தத் தெருவிலாவது யாராவது ஏசக் கேட்டதுண்டா?

தோழர்களே! கள்ளக்குறிச்சியில் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி 2022-இல் திறக்கப்பட்டுவிட்டது. புருஷனும் மனைவியும் சேர்ந்தே அங்கு செல்லுங்கள். பிள்ளையில்லாமை 1955-ஆம் வருஷத்து இந்து விவாகச் சட்டப்படி விவாகரத்துக்குக் காரணமாகாது. முதல் மனைவியிருக்க மறுமணம் செய்வது குற்றம் என்பதையும் உணருங்கள்.

எல்லா வைத்தியமும் செய்தும் பிள்ளை பிறக்காமற் போகலாம். போகட்டுமே! அதனால் அவளது மானத்தில், அறிவில், உரிமையில் எது குறைந்தது? விளைச்சலைப் பார்த்து விலை சொல்வது நிலத்துக்கு, மனுஷிக்கல்ல.