இல்லாத பிரதிநிதிக்கு அழைப்பு

புதுச்சேரியில் மருத்துவ மாணவர்களின் பொதுச் சுகாதார வகுப்புகளில் பேச ஊர்த் தலைவர்களை அழைக்கலாம். ஆனால் வருகிறவர் ‘அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதி’யாக இருக்க வேண்டும். அரசு மேலிடம் போட்ட இந்த நிபந்தனையைப் பற்றி ஊரே பேசி ஓய்ந்துவிட்டது. தளர்த்துவார்கள் என்று காத்திருந்ததுதான் மிச்சம். நிபந்தனைக்கு விளக்கம் என்று வந்தது முடிச்சை இன்னும் இறுக்கியிருக்கிறது. மீனவர் பஞ்சாயத்தார், சுய உதவிக் குழுவை நடத்தும் பெண்கள், துப்புரவுத் தொழிலாளர்களுக்காகப் பேசும் சங்கத்துக்காரர் என யாரும் இனி வகுப்பறை வாசலை மிதிக்க முடியாது.

சரி, அங்கீகாரம் பெற்றவர் என்று புதுச்சேரியில் யார் இருக்கிறார்கள்? 1880-லேயே பிரெஞ்சு ஆணைப்படி நகரசபையும் மேயரும் கண்ட ஊர் இது. 1968-ல் ஓர் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தலுக்கு 38 ஆண்டுகள் ஆயின; நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் 2006-ல் வாக்குப்பெட்டி தெருவுக்கு வந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் தேதி குறித்தார்கள். இட ஒதுக்கீட்டு வழக்கில் அதுவும் நின்றுபோனது. வார்டுக்குக் கவுன்சிலர் கிடையாது. கொம்யூன் பஞ்சாயத்துக்குத் தலைவர் கிடையாது. நகராட்சியில் ஆணையர் இருக்கிறார். அவரை யாரும் வாக்களித்து உட்கார வைக்கவில்லை.

ஆக, தேர்தல் நடத்தாமல் பிரதிநிதிகளை இல்லாமலாக்கியதும் அரசுதான். பிரதிநிதி என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்பதும் அரசுதான். 2006-ல் வாக்களித்துக் கவுன்சிலரைத் தேர்ந்தெடுத்த தெருக்களில், 2011-க்குப் பிறகு பதினெட்டு வயதைத் தொட்ட ஒரு தலைமுறையே உள்ளாட்சிக்கு வாக்களித்ததில்லை. அந்தத் தெருவில் குழாய் வராவிட்டால், சாக்கடை அடைத்துக்கொண்டால், காய்ச்சல் பரவினால், யாரோ ஒருவர்தான் மனு எழுதிக்கொண்டு அலைகிறார். அலைவதற்கு அவரிடம் யாரும் அங்கீகாரம் கேட்பதில்லை. அதையே மருத்துவ மாணவர்களிடம் சொல்ல வந்தால் மட்டும் கேட்கிறார்கள்.

நிபந்தனையை அப்படியே எடுத்துக்கொண்டால், தேறுகிறவர்கள் இரண்டு வகை: சட்டமன்ற உறுப்பினர், இல்லையென்றால் அதிகாரி. முதலாமவர் வந்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? பொன்னாடை, பூங்கொத்து, குழுப் படம், “அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டது.” இரண்டாமவர் வந்தால் சாதனைப் பட்டியல் வாசிப்பார். மாணவர்கள் கைதட்டிவிட்டுத் தேர்வுக்குப் படிக்கப் போய்விடுவார்கள்.

இழப்பு எது என்று பார்ப்போம். வைத்திக்குப்பத்திலும் குருசுக்குப்பத்திலும் விடிவதற்குள் கடலுக்குப் போய்த் திரும்பியவர் பகல் பத்து மணிக்குத் தூங்கிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் கதவைத் தட்டும் சுகாதாரப் பணியாளர், ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போவார். எந்த நேரத்தில் வரவேண்டும், யாரிடம் முதலில் பேச வேண்டும், எந்தச் சேதியைக் கோயில் மைக்கில் சொன்னால் ஊர் கேட்கும் என்பதைப் பஞ்சாயத்தார் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பல வீடுகளில் வருமானம் இருக்காது. காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவரிடம் சத்தாகச் சாப்பிடுங்கள் என்று அந்த மாதங்களில் சொன்னால், கேட்டுக்கொண்டிருப்பவருக்குச் சிரிப்பு வரும், அல்லது கோபம் வரும். இது எந்தப் பாடநூலில் இருக்கிறது?

பாடநூலிலேயே பாதிதான் இருக்கிறது. 1854-ல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது தண்ணீர்ப் பம்புதான் காரணம் என்று கண்டுபிடித்த ஜான் ஸ்நோ முதல் வகுப்பிலேயே வந்துவிடுவார். ஹென்றி வைட்ஹெட் வருவதில்லை. அவர் அந்தப் பகுதித் தேவாலயத்தின் இளம் பாதிரியார்; மருத்துவர் அல்லர். ஸ்நோ சொன்னதை முதலில் நம்பாதவர். வீடு வீடாக அவருக்கு ஆட்களைத் தெரியும் என்பதால் விசாரித்துக்கொண்டே போனார். நாற்பதாம் எண் வீட்டில் வயிற்றுப்போக்கால் இறந்த குழந்தையின் துணிகளை அலசிய தண்ணீர், பம்பை ஒட்டிய கழிவுக்குழிக்குப் போனதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். நம் மேலிடம் அன்று அங்கே இருந்திருந்தால் அவரிடம் அங்கீகாரக் கடிதம் கேட்டிருக்கும்.

ஊர் சொல்வதைக் கேட்காததன் விலையை நாம் கொடுத்தே வந்திருக்கிறோம். ஆராய்ச்சிக்கு இங்கே குறைவில்லை: கொசு ஒழிப்புக்கான முக்கிய மையம் ஒன்று 1975-லிருந்தே இங்கே இருக்கிறது. 1981 முதல் 1985 வரை யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவை நகரத்தில் கட்டுப்படுத்தி உலகுக்கே வழிகாட்டினார்கள். பொறுப்பு அந்த மையத்திடமிருந்து கைமாறிய பிறகு அந்த வேகம் நிலைக்கவில்லை. வாய்க்கால்களில் நீர் இன்றும் தேங்குகிறது. 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா என்று பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள், பள்ளிகளை மூடினார்கள். 2024 ஜூன் 11 அன்று ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடையின் விஷவாயு கழிவறை வழியாக வீட்டுக்குள் ஏறியது. மூன்று பேர் இறந்தார்கள்; அவர்களில் ஒருவர் பள்ளி மாணவி. நாற்றம் அடிக்கிறது என்று முன்பே சொன்னோம், யாரும் கேட்கவில்லை என்றார்கள் தெருவாசிகள். அங்கீகாரம் இல்லாத தெருவாசிகள்.

வகுப்பில் அரசியல் பேசிவிடுவார்கள், நாட்டு வைத்தியம் சொல்லிவிடுவார்கள் என்பது மேலிடத்தின் கவலையாம். பேசட்டுமே. பேராசிரியர் பக்கத்திலேயே இருப்பார். மறுத்துச் சொல்ல மாணவர்களுக்கும் வாய் இருக்கிறது. மக்களுக்குத் தங்கள் சுகாதாரத்தைத் திட்டமிடுவதில் பங்கேற்க உரிமையும் கடமையும் உண்டு என்று 1978-ல் அல்மா ஆட்டா பிரகடனம் சொன்னது. அதை வகுப்பில் மனப்பாடம் செய்ய வைத்து, மதிப்பெண் போட்டு, பிறகு அந்த மக்களையே வாசலில் நிறுத்துவதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

நிபந்தனையைத் திரும்பப் பெறுங்கள். ஊரில் யார் பேசினால் ஊர் கேட்கிறதோ அவர்களை வகுப்புக்குள் வரவிட ஏதேனும் ஒரு வழி செய்யுங்கள். வழி எது என்பதை ஆசிரியர்களும் மாணவர்களும் ஊராரும் கூடிப் பேசி முடிவுசெய்து கொள்வார்கள். அங்கீகாரம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், முதலில் உள்ளாட்சித் தேர்தலை நடத்திவிட்டு வந்து கேளுங்கள்.